தைப்பூசத்துக்கு முன் ஒரு நாள் நடை: பாதயாத்திரைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரங்களிலிருந்து பழனிக்கு ஆட்களைக் கூட்டிச் செல்லும் குழுத் தலைவர்கள், குருசாமிகள், வழிநெடுக அன்னதானம் செய்வோர்.

வணக்கம்.

மார்கழி பிறந்தால் மாலை போடுகிறவர்களும் விரதம் தொடங்குகிறவர்களும் குழுவில் பெயர் கொடுக்கிறவர்களுமாக இந்த வட்டாரமே களைகட்டிவிடும். நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கும் வழக்கம் நூற்றாண்டுகள் பழையது. போனதோடு நிற்காமல் திரும்பி வருவதும் கால்நடையாகவே என்பது அந்த நடையின் பெருமை. அதே சாலையில் இன்று எல்லாச் சமூகத்தாரும் எல்லா ஊர்க்காரரும் நடக்கிறார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் முதல் நாள் இரவு ரயிலேறி வந்து, மறுநாள் விடியுமுன் சாலையில் இறங்கிவிடுகிறார்கள். 150 கி.மீ.க்கு மேற்பட்ட தூரம். பலருக்கு அதற்கு முன் ஒரே மூச்சில் 5 கி.மீ. நடந்த பழக்கம்கூட இருக்காது. உங்களை நம்பித்தான் வருகிறார்கள். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறோம்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். புறப்பாட்டுக்கு மூன்று வாரமாவது முன்னால், மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழு முழுவதும் சேர்ந்து ஒரு நாள் ஒத்திகை நடை நடக்க வேண்டும். அந்த நடைக்கு வராத புதியவரை முதல் நாளிலிருந்தே முழுத்தூரமும் நடக்கவிடக் கூடாது. திண்டுக்கல்லிலோ ஒட்டன்சத்திரத்திலோ வந்து சேர்ந்துகொள்ளச் சொல்லுங்கள். கடுமையாகத் தோன்றலாம். ஆனால் நத்தம் தாண்டிக் காலைத் தூக்கி வைக்க முடியாமல் வேனில் ஏற்றி அனுப்பப்படுகிறவர்களில் பெரும்பாலோர் பக்தியிலோ உடல் வலுவிலோ குறைந்தவர்கள் இல்லை. அவர்களுடைய செருப்பும் நடை வேகமும் தண்ணீர்ப் பழக்கமும் ஒருநாளும் சோதித்துப் பார்க்கப்படவில்லை, அவ்வளவுதான்.

மூன்று வாரம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கொப்புளம் வந்த இடத்தில் புதுத் தோல் வந்து இறுக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். செருப்பு சரியில்லை என்று தெரிந்தால் மாற்றி, புதியதைக் காலுக்குப் பழக்க இன்னும் பத்து நாளாவது வேண்டும். புறப்பாட்டுக்கு முந்தின வாரம் வைக்கும் ஒத்திகையால் நன்மை கிடையாது. புண்ணோடு யாத்திரை தொடங்குவதுதான் மிச்சம்.

ஒத்திகை நடைக்கான வழி எல்லோரும் அறிந்ததே: காரைக்குடியிலிருந்து கோவிலூர், குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வழியாக வைரவன்பட்டி வரை. சுமார் 16, 17 கி.மீ. குழுவாக நடக்கும்போது மணிக்கு 4 கி.மீ.தான் கணக்கு. தனியாளாக 5 நடக்கிறோமே என்று அந்த வேகத்தை வைத்துத் திட்டம் போட்டால் காலை ஏழு மணிக்கே திட்டம் உடைந்துவிடும். 4 மணிக்குப் புறப்பட்டு, இடையில் இரண்டு முறை அமர்ந்து எழுந்தால் குன்றக்குடி அடிவாரம் சேர 7 மணி. சிற்றுண்டிக்கு முக்கால் மணி நேரம். எட்டரைக்குப் பிள்ளையார்பட்டி. ஒத்திகை நாளில் கற்பக விநாயகரைக் கோபுர வாசலிலிருந்தே கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வரிசையில் உள்ளே போனால் குழு நான்காகப் பிரியும். மறுபடி சேர ஒரு மணி நேரம் ஓடிவிடும். அதற்குள் வெயில் ஏறிவிடும். பத்து மணிக்குள் வைரவன்பட்டி. முதல்முறை நடப்பவர்கள் அங்கே நிறுத்திக்கொள்ளட்டும். காலில் எரிச்சல் இல்லாதவர்கள் மட்டும் இன்னும் ஏழெட்டு கி.மீ. நடந்து திருப்பத்தூர் போகலாம். திரும்பிவர காரைக்குடிப் பேருந்துக்குப் பஞ்சமில்லை.

நிலா வெளிச்சத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவிக் கிடக்கிறது. தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் வழியெல்லாம் நிலா இருக்கும் என்று டார்ச் எடுக்காமல் வருகிறவர்கள் உண்டு. பூசத்துக்கு ஆறேழு நாள் முன்னால் புறப்படும்போது வானத்தில் இருப்பது வளர்பிறைப் பாதி நிலா. அது நள்ளிரவை ஒட்டி மறைந்துவிடும். நீங்கள் நடக்கத் தொடங்கும் 3, 4 மணிக்குச் சாலை கும்மிருட்டு. பழனியை நெருங்கும் கடைசி இரண்டு மூன்று நாள்களில்தான் விடியும்வரை நிலா துணைக்கு வரும். இதில் இன்னொன்றும் உண்டு. புறப்பாட்டுக்கு மூன்று வாரம் முன்னால் என்றால் பெரும்பாலும் திருவாதிரையை ஒட்டி வரும். அந்த நாள்களில் அதிகாலையில் நல்ல வெளிச்சம் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு விளக்கையும் ஒளியைத் திருப்பி மின்னும் ஸ்டிக்கரையும் விட்டுவிட வேண்டாம். யாத்திரையில் எப்படிப் போகப்போகிறோமோ அப்படியேதான் அன்றும் போக வேண்டும்.

சாலையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. உயிர் போவது அங்கேதான்.

நடக்க வேண்டியது வலப்பக்கம், எதிரே வரும் வண்டியைக் கண்ணால் பார்த்தபடி. நம் குழுக்களில் பெரும்பாலானவை இடப்பக்கம்தான் நடக்கின்றன; வண்டி முதுகுக்குப் பின்னால் வருகிறது. ஓட்டுநர் தூங்கி வழிந்தால் அதை அறியவும் விலகவும் வழியே இல்லை. 80 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடும். ஓட்டுநர் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே 25, 30 மீட்டர் கடந்துவிடும். நம்மவர்கள் உடுத்தும் பச்சை வேட்டி இருட்டில் கறுப்பாகத்தான் தெரியும், காவியும் அப்படியே. வண்டியின் தாழ்ந்த விளக்கு (லோ பீம்) வெளிச்சத்தில் அது ஓட்டுநர் கண்ணில் படும்போது பிரேக் போட இடம் மிஞ்சியிருக்காது.

ஸ்டிக்கர் விஷயத்தில் பெரும்பாலும் நடக்கும் தவறு இது: தோள்பையின் முதுகுப்பக்கம் மட்டும் ஒட்டிவிட்டு வேலை முடிந்ததென்று விட்டுவிடுகிறார்கள். வலப்பக்கம் எதிர்முகமாக நடக்கும்போது ஓட்டுநருக்குத் தெரிவது நம் முன்பக்கம். ஆகவே மார்பில் ஒன்று, முதுகில் ஒன்று, முடிந்தால் கணுக்காலில் ஒரு பட்டை. கணுக்கால் பட்டைக்குத் தனி மதிப்பு உண்டு. தாழ்ந்த விளக்கு முதலில் படுவது அங்கேதான். கால் அசைய அசைய பட்டை மின்னுவதால், நடப்பது மனிதன் என்று தூரத்திலேயே தெரிந்துவிடும். முன்னால் போகிறவர் கையில் வெள்ளை விளக்கு, கடைசி ஆள் முதுகில் சிவப்பு விளக்கு. விளக்கைத் தரையை நோக்கிப் பிடிக்க வேண்டும்; ஓட்டுநர் கண்ணில் அடித்தால் அவருக்கு இரண்டு மூன்று விநாடி எதுவும் தெரியாது.

விடியும்வரை ஒற்றை வரிசை. வெளிச்சம் வந்தபின் இருவர் இருவராகப் போகலாம். மூவர் சேர்ந்தால் ஒருவர் தாரில்தான் நடப்பார். நான்குவழிச் சாலைப் பகுதிகளில் இன்னொரு ஆபத்து உண்டு. நீங்கள் எதிர்முகமாக நடக்கும் அதே ஓரத்தில், சுற்றிப்போக மனமில்லாமல் எதிர்த்திசையில் ஏறிவரும் இருசக்கர வண்டிகள் உங்கள் முதுகுக்குப் பின்னால் வரும். கடைசி ஆள் அடிக்கடி திரும்பிப் பார்த்தபடி நடக்க வேண்டியது இதற்காகத்தான். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு யாரும் நடக்கக் கூடாது. முருகன் பாட்டேயானாலும் வாயால் பாடுவதே நல்லது.

வெறுங்காலோடு நடப்பவர்கள் சாலையின் வெள்ளைக்கோட்டின் மேல் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெயிண்ட் பூசிய இடம் வழவழப்பாக இருக்கும், வெயிலில் தாரைவிடச் சூடு குறைவு. ஓரத்தில் ஜல்லி குத்தும். காரணம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கோடு வண்டி ஓடும் இடத்தின் விளிம்பு. குனிந்து கோட்டைப் பார்த்தபடி நடப்பவரைப் பேருந்தின் கண்ணாடி தட்டிவிட்டுப் போகும். காலை ஒன்பது மணிக்குமேல் தார் சுடத் தொடங்கும் என்பதால், வெறுங்கால் நேர்த்திக்கடன் உள்ளவர்களைத் தனி அணியாக்கி ஒரு மணி நேரம் முன்னதாகவே புறப்படச் செய்து, வெயிலுக்குமுன் நிழல் சேர்த்துவிடுங்கள். ஒத்திகைக்கு முன்பிருந்தே அவர்கள் தினமும் அரைமணி நேரம் செம்மண் தரையில் வெறுங்காலோடு நடந்து பழக வேண்டும். வீட்டு மொசைக் தரையில் நடப்பது கணக்கில் சேராது.

கூடவே வரும் வேன், குழுவின் பின்னால் ஊர்ந்து வரக் கூடாது. பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வதுதான். ஆனால் இருட்டில் மெதுவாக ஊரும் வண்டியின் பின்னால் லாரி வந்து மோதினால் அந்த வேனே குழுவின்மேல் பாயும். 3 கி.மீ. முன்னால் போய், தாரைவிட்டு முழுவதும் இறங்கி நிற்கட்டும்.

அடுத்தது நடையின் ஒழுங்கு. 25 முதல் 40 பேர் வரை ஒரு குழு. அதற்கு மேல் போனால் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். முன்னால் ஒருவர், நடுவில் ஒருவர், கடைசியில் ஒருவர். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது, சிறுநீர் கழிக்க ஒதுங்கியவர் உட்பட. அவர் வரும்வரை கடைசி ஆள் நிற்பார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ண வேண்டும். ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, ஒவ்வொருவரும் தம் அணியின் மற்ற நால்வரைப் பார்த்துக்கொண்டால் எண்ணுவது நொடியில் முடியும்.

எத்தனையோ குழுக்களில் மெதுவாக நடப்பவர்கள் முதல் நாளிலேயே உடைந்துபோவதற்குக் காரணம், ஓய்வு கொடுக்கும் முறை. முன்னால் போனவர்கள் ஓரிடத்தில் உட்காருகிறார்கள். பத்து நிமிடம் கழித்துக் கடைசியில் வருகிறவர் மூச்சு வாங்க வந்து சேர்கிறார். அவர் வந்துவிட்டார் என்றதும் “சரி, எல்லாரும் வந்தாச்சு, கிளம்புவோம்” என்று எழுந்துவிடுகிறார்கள். வேகமாக நடப்பவருக்கு மணிக்கு ஒருமுறை ஓய்வு; ஓய்வு மிகவும் தேவைப்பட்டவருக்கு ஒருதரம்கூட இல்லை. ஆகவே விதியை மாற்றுங்கள். கடைசி ஆள் வந்து உட்கார்ந்த நிமிடத்திலிருந்துதான் பத்து நிமிடக் கணக்கு தொடங்க வேண்டும். இன்னொன்றும் செய்யலாம்: குழுவிலேயே மெதுவாக நடப்பவரை முன்னோடிக்கு அடுத்த இடத்தில் நிறுத்துங்கள். அவர் வேகமே குழுவின் வேகம் ஆகிவிடும், வரிசை நீளாது, முன்னால் நடப்பதால் அவருக்கும் மனம் தளராது. ஒத்திகை நாளில் இந்த இரண்டையும் பழக்கிவிட்டாலே பாதி யாத்திரை நடந்த மாதிரி.

இனி கால்.

கொப்புளம் தூரத்தால் மட்டும் வருவதில்லை. உராய்வு, ஈரம், சூடு மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் 4 கி.மீ.யிலேயே வரும், சேராவிட்டால் 30 கி.மீ. நடந்தாலும் வராது. பருத்தி சாக்ஸ் வியர்வையை உறிஞ்சி, ஈரத்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். நைலான் கலந்த மெல்லிய சாக்ஸ் ஒன்று, அதன்மேல் தடித்தது ஒன்று என்று இரண்டு போட்டால் உராய்வு இரண்டு துணிகளுக்கிடையே போய்விடும். கால்விரல் இடுக்கிலும் குதிகாலிலும் வாஸ்லின் தடவிக்கொண்டு புறப்பட வேண்டும். நகத்தை மூன்று நாள் முன்பே நேர்க்கோடாக வெட்டிவிட வேண்டும். ஷூ, செருப்பு எதுவானாலும் மாலை நேரத்தில், கால் சற்று வீங்கியிருக்கும்போது வாங்குங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல்கடை இடம் இருக்கட்டும். ரப்பர் செருப்பில் நீண்டதூரம் நடக்க வேண்டாம். அது கழன்றுவிடாதிருக்க விரல்கள் ஒவ்வொரு அடியிலும் இறுக்கிப் பிடிக்கும். மாலையில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்போரம் வலிப்பது அதனால்தான். சுற்றிவர வார் உள்ள செருப்பு நம் செம்மண் சாலைக்கு ஏற்றது, ஆனால் நிறுத்தம்தோறும் கழற்றி மணலைத் தட்ட வேண்டும்.

ஓரிடத்தில் சுள்ளென்று சூடு தெரிந்தால் அப்போதே நிற்க வேண்டும். அடுத்த நிறுத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றால், அந்த ஒரு கி.மீ.யில் அது கொப்புளமாகிவிடும். காலைத் துடைத்து, உலரவிட்டு, மைக்ரோபோர் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டிவிட்டால் அதோடு நின்றுவிடும். குழுவின் வேகத்தைக் கெடுக்கிறோமே என்ற கூச்சத்தால் புதியவர்கள் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு மணிக்கும் முன்னோடியே வாய்விட்டுக் கேட்க வேண்டும். கொப்புளம் வந்தேவிட்டால், சிறியதை உடைக்காதீர்கள். பெரிதாகி நடக்க முடியாவிட்டால் மட்டும் ஸ்பிரிட்டில் துடைத்த புது ஊசியால் அடி ஓரத்தில் குத்தி நீரை வடித்து, மேல்தோலை அப்படியே விட்டு, மருந்து வைத்துக் கட்டுங்கள். தோலைக் கிழித்து எடுப்பவரைத் தடுத்து நிறுத்துங்கள். நடுவழியில் வெந்நீரில் காலை ஊறவைப்பதும் வேண்டாம். தோல் ஊறி மென்மையாகி, அடுத்த 2 கி.மீ.யில் உரிந்துவிடும். வெந்நீரெல்லாம் அன்றைய நடை முடிந்தபின்.

கஞ்சி மொடமொடப்போடு புதுவேட்டி கட்டி வருகிறவர்களுக்குத் தொடை உள்பக்கம் அரைத்துவிடும். இரண்டு முறை துவைத்த வேட்டியே நல்லது. தோள்பை மொத்தமாக 3 கிலோவைத் தாண்டக் கூடாது. ஒருதோள் ஜோல்னாவென்றால் மணிக்கொருமுறை தோள் மாற்றுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களைத் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காலில் உணர்ச்சி குறைந்தவருக்கு ஜல்லி குத்தியதே தெரியாது. மாலையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் அறிவார். அவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. நேர்த்திக்கடன் என்றால் பழனி அடிவாரத்திலிருந்து செருப்பைக் கழற்றட்டும். நடை நாளுக்கு மாத்திரை, இன்சுலின் அளவை முன்னதாகவே மருத்துவரிடம் கேட்டு வைத்திருக்க வேண்டும். வழக்கமான அளவைப் போட்டுக்கொண்டு, விரதம் என்று சாப்பிடாமல் நடந்தால் சர்க்கரை இறங்கிவிடும். கை நடுக்கம், சில்லென்ற வியர்வை, பேச்சில் தடுமாற்றம் கண்டால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். நெஞ்சு அழுத்தம், இடக்கை வலி, திடீர் மூச்சுத்திணறல் என்றால் வாய்வு என்று சொல்லிச் சோடா வாங்கிக் கொடுத்து நேரம் கடத்தாதீர்கள். தேசிய நெடுஞ்சாலையில் விபத்தென்றால் 1033-ம் உண்டு.

தண்ணீர் ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நான்கைந்து மடக்காக. தாகம் எடுத்தபின் ஒரே மூச்சில் ஒரு பாட்டிலைக் காலி செய்தால் வயிற்றில்தான் குலுங்கும். 40 பேருக்கு ஆறு மணி நேரத்துக்கு 120 லிட்டர் குடிக்க மட்டும். கை, முகம் கழுவ இன்னும் 40. ஆக, 20 லிட்டர் கேன் எட்டு. வியர்வையில் உப்பும் போவதால் வெறும் தண்ணீர் மட்டும் போதாது. உப்பிட்ட நீர்மோர் நல்லது. ஓ.ஆர்.எஸ். என்றால் பெரிய பொட்டலம் ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், குறையக் கூடாது. அரை பாட்டிலில் முழுப் பொட்டலத்தைக் கொட்டிக் குடித்தால் வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான் மிச்சம். பந்தல்களில் இது அடிக்கடி நடக்கிறது.

பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை என்று குறை சொல்லும் தலைவர்கள், வழியில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று ஒருமுறை யோசிக்க வேண்டும். ஒதுங்க இடமில்லாததால் ஆச்சிமார்கள் விடியற்காலையிலிருந்தே குடிக்காமல் வருகிறார்கள். பத்து மணிக்குத் தலைசுற்றல், மறுநாள் நீர்க்கடுப்பு. சாலையோரம் முழுக்கச் சீமைக்கருவேல முள். இருட்டில் அங்கே ஒதுங்குவது அச்சமும் ஆபத்தும். ஒத்திகைக்கு முந்தின வாரமே இருவர், அதில் ஒருவர் பெண்ணாக, வண்டியில் போய் வழிநெடுக உள்ள பெட்ரோல் பங்க், மண்டபம், நகரத்தார் விடுதி, கோயில் கழிப்பறை ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிட்டு வர வேண்டும். தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா, காலை 5 மணிக்குத் திறந்திருக்குமா, சாவி யாரிடம். இரண்டு மணி நேர நடைக்குள் ஒரு கழிப்பறை வருமாறு நிறுத்தங்களை மாற்றி அமைக்க வேண்டும். டீக்கடையைப் பார்த்து நிறுத்தம் வைப்பதைவிட இதுவே முறை.

சாப்பாட்டில் சில நுணுக்கங்கள். குன்றக்குடியில் ஆளுக்கு நான்கு இட்லி, மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய் போதும். தேங்காய்ச் சட்னி முதலில் கெடுவது. நெய் வழியும் பொங்கல் தின்றால் பிள்ளையார்பட்டி போவதற்குள் கண்ணைச் செருகும். நடுவில் வாழைப்பழம், கடலை மிட்டாய், பேரீச்சை. முடிவில் தயிர்சோறு என்றால் 40 பேருக்கு 6 கிலோ அரிசி. விடியற்காலை 3 மணிக்கு வடித்துக் குழைய மசித்து, காய்ச்சி ஆறவைத்த பால் பத்து லிட்டரும் உறைதயிர் அரை லிட்டரும் சேர்த்து மூடிவிட்டால் 11 மணிக்குப் பதமாக இருக்கும். முதலிலேயே தயிரை ஊற்றிப் பிசைந்தால் பத்து மணிக்கே புளித்துவிடும். அன்னதானம் செய்வோருக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்தடுத்த பந்தல்களில் சாதமும் சுண்டலும் கேசரியும் அன்போடு திணிக்கப்படுவதால் வயிறு கெட்டு நின்றுபோகிறவர்கள் பலர். ஒரு பந்தலில் சோறு என்றால் அடுத்ததில் மோர், அதற்கடுத்ததில் பழம் என்று உங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் தண்ணீர்ப் பாக்கெட்டும் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை. நடப்பவர் ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் கொண்டு வரட்டும், சாப்பாடு வாழையிலையில்.

வலி மாத்திரை, ஊசி விநியோகத்தை நிறுத்துங்கள். வெறும்வயிறு, உடலில் நீர் வற்றிய நிலை, அதன்மேல் வலி மாத்திரை என்றால் பாதிக்கப்படுவது சிறுநீரகம். வலியை மறைத்துக்கொண்டு நடப்பவர் சுளுக்கைக் கிழிசலாக்கிக்கொண்டுதான் வீடு திரும்புவார்.

சில குழுக்கள் சாலையைத் தவிர்த்து வண்டிப்பாதை, கண்மாய்க்கரை வழியாக நடக்க விரும்புகின்றன. காலுக்கு மண் நல்லதுதான். நாங்களும் அதையே விரும்புவோம். ஆனால் விடிந்தபின் மட்டும். வடகிழக்குப் பருவமழைக்குப்பின் மார்கழியில் கலுங்கில் (கண்மாயின் மிகைநீர் வெளியேறும் கல்கட்டில்) தண்ணீர் வழிந்துகொண்டிருக்கலாம். பாசி பிடித்த கல்லில் வழுக்கினால் கால் முறியும், ஆகவே கலுங்கைக் கடக்காமல் சுற்றிப் போங்கள். கரையில் வெட்டிப் போட்ட சீமைக்கருவேலக் கிளையின் முள் மெல்லிய செருப்பைத் துளைத்து ஏறும். முள் உள்ளேயே ஒடிந்துவிட்டால் தோண்டாமல் மருத்துவமனைக்கு அனுப்பி, டி.டி. ஊசியும் போட்டுவிடுங்கள். புல் மண்டிய இடத்தில் கண்ணாடி விரியன் இருக்கும். கம்பால் தட்டியபடி முன்னோடி போக, மற்றவர்கள் அவர் தடத்திலேயே நடக்கட்டும். ஊருணியில் இறங்குமுன் ஊராரைக் கேளுங்கள். குடிக்கும் ஊருணி, குளிக்கும் ஊருணி என்று ஒவ்வொரு ஊரிலும் பிரித்து வைத்திருப்பார்கள். குடிநீர் ஊருணியில் கால் கழுவினால் அடுத்த ஆண்டு அந்த ஊர் நம்மை உட்காரவிடாது, விடாததும் சரிதான்.

வைரவன்பட்டி சேர்ந்ததும் உடனே பேருந்துக்கு ஓடாதீர்கள். ஒத்திகையின் முக்கியமான அரைமணி நேரம் அதுதான். எல்லோரும் செருப்பைக் கழற்றி உட்கார, இருவர் ஒரு நோட்டோடு ஒவ்வொரு பாதமாகப் பார்த்து எழுதட்டும்: பெயர், வயது, என்ன செருப்பு, எங்கே சிவந்திருக்கிறது, எவ்வளவு தண்ணீர் குடித்தார், கடைசியாக எப்போது சிறுநீர் போனது, என்ன நிறம், என்ன மாத்திரை சாப்பிடுகிறவர், வீட்டில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும். இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தில் சிவந்திருந்தால் செருப்பின் குற்றம். ஒரு பாதத்தில் மட்டும் என்றால் நடையின் சாய்வோ சாலையோரச் சரிவோ காரணம். அவரை ஓரத்தின் மட்டமான பகுதியில் நடக்க வைத்தால் சரியாகும். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனவருக்கு யாத்திரையில் தண்ணீரை நினைவூட்ட ஓர் ஆள் வேண்டும். கடைசி ஒரு கி.மீ.யை இருபது நிமிடத்துக்கு மேல் எடுத்தவர்கள் யார் என்று குறித்து, அவர்களைக் கொண்டே புறப்பாட்டு நாளின் வேகத்தை முடிவு செய்யுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கால் சிவந்திருந்தவர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கால் ஆறிவிட்டதா, செருப்பு மாற்றியாயிற்றா என்று கேளுங்கள். புறப்படும் அன்று அந்த நோட்டு கடைசி ஆளின் பையில் இருக்கட்டும். ஒரு நகல் வேனில்.

இப்படிக்கு,
பழனிச் சாலையில் நடந்துவரும் காரைக்குடி வட்டாரத்தார் சிலர்